வேற்றுமை என்றால் என்ன? மலைக்கென்று ஒரு மொழி கட்டிப் பார்ப்போம்

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் 'க' பாஷை உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுத்துக்கு எழுத்து முன்னால் ஒரு 'க'வைச் செருகிவிட்டால் போதும். "நான் வரேன்" என்பது "கநாகன் கவகரேகன்" ஆகிவிடும். இலங்கை மலைநாட்டில் ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகிற பஸ்ஸின் கடைசி சீட்டில் இரண்டு பேர் இதை வேகமாகப் பேசினால் முன் சீட்டுக்காரருக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் இது புது மொழி இல்லை. 'க'வை உருவிப் போட்டால் உள்ளே தமிழ் அப்படியே இருக்கிறது.

கொஞ்சம் துணிச்சலான பிள்ளைகள் அடுத்த படிக்குப் போவார்கள். ஒரு கொப்பியில் சொற்பட்டியல் போடுவார்கள். நாய்க்கு 'ரூவி', சிறுத்தைக்கு 'கேசோ', துரத்துவதற்கு 'தலி'. பிறகு "கேசோ ரூவியைத் தலித்தது" என்று பேசுவார்கள். சொல்லெல்லாம் புதிது. சரி, அந்த 'ஐ' யாருடையது? கடைசியில் வரும் 'த்தது' யாருடையது? இரண்டும் தமிழிடமிருந்து கைமாற்றாக வந்தவை. மொழி உண்டாக்க ஆசைப்படும் பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். சொல் உண்டாக்குவது சுலபம், ஒரு சாயந்தரத்தில் நூறு செய்துவிடலாம். ஒரு பெயர்ச்சொல் வாக்கியத்துக்குள் நுழையும்போது அதற்கு என்ன ஆகிறது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம். மொழிக்குச் சொந்த முகம் வருவதும் அங்கேதான். இலக்கணத்தில் இதற்கு வேற்றுமை என்று பெயர்.

இந்தக் கட்டுரையில் வினை, காலம், பால் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு வேற்றுமையை மட்டும் பார்ப்போம். பார்த்துக்கொண்டே, நம் மலைநாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி ஒரு சின்ன மொழியையும் கட்டுவோம். அதற்குத் 'தோமுலி' என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்த மொழியில் 'தோமு' என்றால் மலை, 'லி' என்றால் பேச்சு.

நாய் அதே நாய்தான், வேலைதான் வேறு

தேயிலைத் தோட்டப்பக்கம் சிறுத்தை இறங்கி நாயைத் தூக்கிக்கொண்டு போவது புதிதல்ல. அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

சிறுத்தை நாயைத் துரத்தியது.
நாயைச் சிறுத்தை துரத்தியது.

இரண்டிலும் துரத்துவது சிறுத்தை, உயிருக்குப் பயந்து ஓடுவது நாய். சொற்கள் இடம் மாறியும் செய்தி மாறவில்லை. நாயின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஐ'தான் காரணம். ஆங்கிலத்தில் இப்படி இடம் மாற்றினால் நாய் சிறுத்தையைத் துரத்த ஆரம்பித்துவிடும். அங்கே பெயருக்கு வால் கிடையாது. யார் வினைக்கு முன்னால் நிற்கிறார், யார் பின்னால் நிற்கிறார் என்பதை வைத்துத்தான் யாருக்கு என்ன வேலை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

ஆக, ஒரு பெயர் அந்த வாக்கியத்தில் என்ன வேலை பார்க்கிறது என்று காட்டும் அடையாளம் வேற்றுமை. அடையாளத்துக்காக ஒட்டும் துண்டு உருபு. நாயை, நாயால், நாய்க்கு, நாயின், நாயோடு என்று எத்தனை வால் முளைத்தாலும் நாய் ஒன்றேதான்.

சாதாரண தரத்துக்குத் தமிழ் படித்தவர்களுக்கு எட்டு வேற்றுமையும் மனப்பாடமாக இருக்கும். எழுவாய், ஐ, ஆல், கு, இன், அது, கண், விளி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். தொல்லையும் இங்கேதான். மனப்பாடம் செய்தவருக்கு எட்டு என்பது வானத்திலிருந்து விழுந்த கணக்கு மாதிரி தோன்றும். மொழி கட்ட உட்கார்ந்ததும் எட்டுக் கட்டம் போட்டு, எட்டுப் புது ஒலியை நிரப்பி, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். கையில் இருப்பது ஒலி மாற்றிய தமிழ். 'க' பாஷைக்கு ஒரு படி மேலே, அவ்வளவுதான்.

உண்மையில் எட்டு என்ற எண்ணிக்கையே அவ்வளவு கெட்டியானது அல்ல. தொல்காப்பியம் முதலில் வேற்றுமை ஏழு என்று சொல்லிவிட்டு, விளியையும் சேர்த்தால் எட்டு என்கிறது. அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. மற்ற வேற்றுமைகள் பெயருக்கும் வாக்கியத்தின் மற்றப் பகுதிக்கும் உள்ள உறவைச் சொல்கின்றன. அடுத்த நிரையில் நிற்பவரை "அக்கோவ்!" என்று கூப்பிட வாக்கியமே தேவையில்லை. மூன்றாம் வேற்றுமையைப் பாருங்கள். "கத்தியால் வெட்டினான்", "தம்பியோடு வந்தான்" இரண்டும் அதற்குள்தான் அடக்கம். கருவிக்கும் துணைக்கும் என்ன சொந்தம்? ஒரே லயக்காம்பராவில் இரண்டு குடும்பத்தைக் குடிவைத்த மாதிரி, இரண்டு வேலையை ஒரு எண்ணுக்குள் அடைத்துவிட்டார்கள். மறுபக்கம், பேச்சில் ஓயாமல் வரும் 'கிட்ட' என்ற உருபுக்கு அந்தப் பட்டியலில் கதவே இல்லை. "அம்மாகிட்ட கேளு" என்று நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்!

தமிழ் வேற்றுமைகளின் வரிசை சமஸ்கிருத இலக்கணத்தின் வரிசையேதான். கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் இதைப் பற்றிப் பேசுகிறார். திராவிட மொழிகளில் பெயருக்குப் பின்னால் சேரும் ஒவ்வொரு உருபும் ஒரு வேற்றுமை என்றே எண்ணத்தக்கது, ஆகவே எண்ணிக்கை பேசுபவரின் தேவையைப் பொறுத்தது என்பது அவர் வாதத்தின் சாரம். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை, ஆனால் இந்த ஒன்று மொழி கட்டுகிறவர்களுக்கு நல்ல வழிகாட்டி. எத்தனை வேற்றுமை வேண்டும் என்று தொடங்கக் கூடாது. பெயர் என்னென்ன வேலை பார்க்க வேண்டும், அதில் எதை எதோடு சேர்ப்பது, எதைப் பிரிப்பது என்று தொடங்க வேண்டும்.

முன்னால் கட்டியவர்கள் என்ன செய்தார்கள்?

ஜெர்மனியில் ஷ்லையர் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் 1879 – 80 காலத்தில் வொலப்யூக் என்ற மொழியை உண்டாக்கினார். அதில் வீடு 'தோம்'. வீட்டின் என்பதற்குத் 'தோமா', வீட்டுக்கு 'தோமே', வீட்டை 'தோமி'. அ, ஏ, இ என்று உயிரெழுத்து வரிசையிலேயே உருபுகள்! படிக்கச் சுலபம்தான், ஆனால் காதில் ஒன்றோடொன்று குழம்பும்.

அடுத்து வந்தது எஸ்பெராண்டோ. இன்றைய போலந்தில் உள்ள பியாலிஸ்டோக் ஊரில் பிறந்த கண் வைத்தியர் சாமென்ஹோஃப் 1887இல் வெளியிட்டது. கற்பனை மொழிகளில் இதுவரை அதிகம் பேர் பேசியது இதுதான். அதில் உருபு ஒன்றே ஒன்று, 'ன்'. துரத்தப்படுகிறவரின் பெயரோடு அது ஒட்டும். மற்ற வேலைகளையெல்லாம் பெயருக்கு முன்னால் வரும் தனிச் சொற்கள் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த ஒற்றை 'ன்'னுக்கு அவர் இன்னொரு வேலையும் கொடுத்தார். 'என் லா ஜார்தேனோ' என்றால் தோட்டத்துக்குள் இருப்பது. 'என் லா ஜார்தேனோன்' என்றால் தோட்டத்துக்குள் போவது. (இந்த 'என்' நம்முடைய 'என்' அல்ல, 'உள்ளே' என்று பொருள்.) ஓர் ஒலியில் இருப்பும் அசைவும் பிரிந்துவிட்டன. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை கூடும். அதே 'ன்'னை அடைமொழிக்கும் கட்டாயமாக்கினாரே, அதுதான் பிடிக்கவில்லை. 'நல்ல புத்தகத்தை' என்று சொல்ல அங்கே 'போனன் லிப்ரோன்' என்று இரண்டிலும் 'ன்' போட வேண்டும். தமிழில் 'நல்லதைப் புத்தகத்தை' என்று சொல்வதைப் போன்றது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. 'நல்ல' அசையாமல் நிற்கும், உருபெல்லாம் பெயரின் பாடு.

இத்தாலியக் கணித மேதை பியானோ 1903இல் எதிர்ப்பக்கம் போனார். லத்தீனை எடுத்து அதன் வேற்றுமை உருபுகளையெல்லாம் கழற்றிவிட்டு, உருபில்லாத லத்தீன் ஒன்றை முன்வைத்தார். இத்குவில் என்ற மொழியை உண்டாக்கிய ஜான் கிஹாடாவோ எண்பதுக்கு மேல் வேற்றுமை வைத்தார். பூச்சியமும் சரி, எண்பதும் சரி. அந்தந்த மொழிக்கு என்ன நோக்கம் என்பதுதான் கேள்வி. அயல்நாட்டார் எல்லோரும் சீக்கிரம் படிக்க வேண்டும் என்றால் குறைக்கலாம். நினைப்பின் ஒவ்வொரு நுணுக்கத்தையும் பதிய வேண்டும் என்றால் கூட்டலாம்.

நம்முடைய தோமுலிக்கு நோக்கம் வேறு. அது மலையில் வாழ்பவர்கள் பேசும் மொழி என்று வைத்துக்கொள்கிறோம். ஆகவே மலையில் வாழ்பவர்களுக்கு எது முக்கியமோ அது உருபில் தெரிய வேண்டும்.

முதல் முடிவு: யாருக்கு வால் ஒட்டும்?

தோமுலியில் செயப்படுபொருளுக்கு 'ம்' என்று வைப்போம். அப்படியானால்,

கேசோ ரூவிம் தலி. – சிறுத்தை நாயைத் துரத்துகிறது.
ரூவிம் கேசோ தலி. – அதே செய்திதான்.

எல்லாப் பெயருக்கும் இதை ஒட்ட வேண்டுமா? தமிழைக் கவனியுங்கள். "கொழுந்து எடுக்கப் போனாள்" என்கிறோம், "கொழுந்தை எடுக்கப் போனாள்" என்று பொதுவாகச் சொல்வதில்லை. "தேத்தண்ணி குடிச்சேன்", "விறகு பொறுக்கினேன்" எல்லாவற்றிலும் 'ஐ' இல்லை. "கொழுந்தைக் கொட்டினான்" என்று சொன்னால் அது எந்தக் கொழுந்து என்று இருவருக்கும் தெரியும், மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுத்த அதே கொழுந்து. ஆனால் "பிள்ளை தூக்கினாள்" என்று யாரும் சொல்லமாட்டோம். மனிதர் என்றால் 'ஐ' வந்தே ஆக வேண்டும். சிங்களப் பேச்சிலும் இந்த மாதிரி ஒன்று உண்டு. 'பல்லா' நாய், 'பல்லாவ' நாயை. அந்த 'வ' உயிருள்ளவற்றோடு மட்டும்தான் ஒட்டும். 'பொத்த', அதாவது புத்தகம், அப்படியே நிற்கும்.

இதற்கு ஒரு காரணம் சொல்லலாம். கொழுந்து மனிதரைப் பறிக்காது. அம்மாவும் கொழுந்தும் ஒரு வாக்கியத்தில் இருந்தால் யார் யாரைப் பறிக்கிறார் என்ற சந்தேகமே வராது. நாயும் சிறுத்தையும் இருந்தால் வரும். சந்தேகம் வரும் இடத்தில் மட்டும் அடையாளம் போடுவது சிக்கனம். தோமுலியிலும் அப்படியே வைப்போம். உயிருள்ளதற்கு மட்டும் 'ம்'.

யாகோ நெலு சுமே. – அம்மா கொழுந்து பறிக்கிறாள்.
யாகோ முனாம் தலி. – அம்மா பிள்ளையைத் துரத்துகிறாள்.

இங்கே இன்னொரு பாதையும் இருக்கிறது, வேகமாகப் பார்த்துவிட்டுப் போய்விடலாம். "பிள்ளை விழுந்தது", "பிள்ளை பந்தை எறிந்தது" என்ற இரண்டு வாக்கியங்களில் மூன்று வேலை இருக்கிறது. விழுவது, எறிவது, எறியப்படுவது. தமிழ் முதல் இரண்டையும் ஒரே மாதிரி நடத்துகிறது, இரண்டுமே வெறும் 'பிள்ளை'. ஸ்பெயினின் வடக்கே பேசப்படும் பாஸ்க் மொழி விழுந்த பிள்ளையையும் எறியப்பட்ட பந்தையும் ஒன்றாகச் சேர்த்து வெறுமனே விட்டுவிடும். எறிந்த பிள்ளைக்குத்தான் அங்கே வால். ஹிந்தியும் இறந்தகாலத்தில் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் சாயும். 2009இல் வந்த ஒரு படத்துக்காகப் பால் ஃப்ரோமர் உண்டாக்கிய நாவி மொழி மூன்றையும் மூன்றாகவே வைத்துக்கொண்டது. முதல் மொழி கட்டுகிறவர்கள் இதில் கைவைக்காமல் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். புதுமையாக இருக்கும், ஆனால் தமிழ்க் காதுக்கு அது பிடிபட நாளாகும். அதற்குள் கொப்பி மூடப்பட்டுவிடும்.

இரண்டாவது முடிவு: குளிர் யாருக்கு?

நாலாம் வேற்றுமை என்றதும் "பிள்ளைக்குக் கொடுத்தாள்" என்ற கொடைப் பொருள் நினைவுக்கு வரும். தமிழில் அதைவிட ருசியான வேலை ஒன்றை 'கு' பார்க்கிறது. "எனக்குக் குளிருது." "எனக்குப் பசிக்குது." "எனக்குத் தெரியும்." இங்கே நான் எதையும் செய்யவில்லை, குளிர் என்னிடம் வருகிறது. ஆகவே 'நான்' எழுவாயாக நிற்காமல் 'எனக்கு' என்று ஒதுங்கிவிடுகிறது. நுவரெலியா மார்க்கெட்டில் பக்கத்தில் நிற்கும் சிங்களக்காரரும் இதையே "மட்ட சீதலய்" என்பார், பசித்தால் "மட்ட படகினி" என்பார். 'மம' என்றால் நான், 'மட்ட' என்றால் எனக்கு. மொழிக் குடும்பம் வேறு, ஆனால் குளிர் வந்தால் இரண்டு பேரும் ஒரே வேற்றுமைக்குள் போய்விடுகிறோம். ஆங்கிலக்காரர் மட்டும் தானே பசியைச் செய்துகொண்ட மாதிரி பேசுவார்.

உங்கள் மொழியில் உணர்ச்சியையும் அறிவையும் எந்த வேற்றுமையில் வைப்பது என்பது பெரிய முடிவு. அதை வைத்தே அந்த மொழி பேசுபவர் உலகத்தை எப்படிப் பார்க்கிறார் என்று காட்டலாம். தோமுலி இதில் நம் பக்கம்தான். 'லெ' என்று ஓர் உருபு வைப்போம். 'ஹூ' என்றால் குளிர்வது.

முனாலெ ஹூ. – பிள்ளைக்குக் குளிர்கிறது.

மூன்றாவது முடிவு: மேலேயா, கீழேயா?

இப்போதுதான் மலை உள்ளே வருகிறது. தமிழின் 'இல்' கொஞ்சம் சோம்பேறி. 'பெட்டியில்' என்றால் உள்ளே, 'மேசையில்' என்றால் மேலே, இரண்டுக்கும் ஒரே 'இல்'. பின்லாந்து மொழி உள்ளே, மேற்புறத்தில் என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இருப்பது, போவது, வருவது என்று மூன்று வைத்து, இடத்துக்கு மட்டும் ஆறு வேற்றுமை வைத்திருக்கிறது. மொத்தம் 15 என்று எண்ணுவார்கள்.

மலைநாட்டில் உள்ளே, மேற்புறம் என்பதைவிட முக்கியமானது உயரம். தோட்டங்களின் பெயரோடேயே மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு என்று வருகிறது. வழி கேட்டால் வடக்கு தெற்கு சொல்பவர் இங்கே அபூர்வம். மேலே போங்க, கீழே இறங்குங்க, அப்படியே நேரா போங்க, இவ்வளவுதான். அதை உருபாக்கிவிட்டால் என்ன? அளவுக்கு மீறிய கற்பனை என்று நினைக்க வேண்டாம். நேபாளத்தின் கிழக்கு மலைகளில் பேசப்படும் கிராந்தி மொழிகள் பலவற்றில் மேலே உள்ள இடம், கீழே உள்ள இடம், அதே மட்டத்தில் உள்ள இடம் என்று தனித்தனி வேற்றுமை உருபுகள் நிஜமாகவே இருக்கின்றன.

ஒலியை எங்கிருந்து எடுப்பது? கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. உருபுகள் நிஜ மொழிகளில் வானத்திலிருந்து வருவதில்லை, பழைய முழுச் சொற்கள் தேய்ந்துதான் உருபாகின்றன. 'அம்மாவிடம்' என்பதில் உள்ள 'இடம்' நமக்குத் தெரிந்த இடம்தான். 'கிட்ட' என்பது பக்கத்தில் என்ற சொல். 'வீட்டிலிருந்து' என்பதில் உள்ள 'இருந்து', இரு என்ற வினையின் எச்சம். ஒரு காலத்தில் 'வீட்டில் இருந்துவிட்டு வந்தான்' என்ற பொருளில் நின்ற சொல், இப்போது இருப்பை மறந்து புறப்பாட்டை மட்டும் சொல்கிறது. பேச்சில் 'வீட்லருந்து' என்று இன்னும் சுருங்கிவிட்டது. 'உடைய' என்பதும் உடைமை என்ற சொல்லின் சொந்தம்தான், பேச்சில் 'ஓட' ஆகிவிட்டது. இந்தத் தேய்மானத்தை உங்கள் மொழிக்கும் கொடுத்தால் அதற்கு ஒரு வயது வந்துவிடும். நேற்றுச் செய்த மொழி மாதிரி தெரியாது.

தோமுலியில் உடம்புச் சொற்களிலிருந்து எடுப்போம். 'இரோ' என்றால் தலை. அது தேய்ந்து 'ரோ', மேலே உள்ள இடம். 'பெகு' என்றால் கால். அது தேய்ந்து 'பெ', கீழே உள்ள இடம். 'வசா' என்றால் தோள். அது தேய்ந்து 'வ', அதே மட்டத்து இடம். 'சாரே' என்றால் வீடு.

சாரேரோ – மேலே உள்ள வீட்டில்
சாரேபெ – கீழே உள்ள வீட்டில்
சாரேவ – நம் மட்டத்து வீட்டில்

போவதற்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் 'லெ'யைப் பின்னால் ஒட்டலாம். 'சாரேரோலெ', மேலே உள்ள வீட்டுக்கு. வருவதற்கு மட்டும் 'சு' என்று ஒன்று வைப்போம். 'சாரேபெசு', கீழ் வீட்டிலிருந்து. ஐந்து துண்டுகளை வைத்து ஒன்பது இடப்பொருள் கிடைத்துவிட்டது. துண்டுதுண்டாக ஒட்டிக்கொண்டே போகும் இந்த முறை தமிழருக்குப் பழக்கமானதுதான். 'பிள்ளை' + 'கள்' + 'ஐ' என்று நாமும் அப்படித்தான் ஒட்டுகிறோம். லத்தீன் அப்படி இல்லை. 'புவெல்லாஸ்' என்றால் பெண்பிள்ளைகளை. அதில் பன்மை எது, 'ஐ' எது என்று பிரித்துக் காட்ட முடியாது, இரண்டும் ஒரே முடிவில் கரைந்துவிட்டன. அந்த வழியும் உங்களுக்குத் திறந்தே இருக்கிறது, ஆனால் மனப்பாடம் கூடும்.

இனி ஒரு கண்டிப்பான விதி: இடத்தைச் சொன்னால் உயரத்தையும் சொல்லியே ஆக வேண்டும். வெறும் 'வீட்டில்' என்று தோமுலியில் சொல்லவே முடியாது. இந்தக் கட்டாயம்தான் முக்கியம். தமிழிலும் மேலே, கீழே என்று சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். விட முடியாது என்று ஆகும்போதுதான் அது இலக்கணம்.

கட்டாயம் வந்ததும் விசித்திரங்களும் வரும். பிதுருதலாகல மலையின் உச்சி 2,524 மீற்றர், இலங்கையிலேயே உயர்ந்த இடம். அங்கே நிற்பவர் இந்தத் தீவில் எந்த ஊரைச் சொன்னாலும் 'ரோ' போட முடியாது. மலைநாட்டில் இருப்பவருக்குக் கொழும்பு எப்போதும் 'பெ'தான். யாழ்ப்பாணத்துக்காரர் தோமுலி படித்தால் 'வ'வைத் தவிர வேறொன்றும் அவருக்கு உதவாது, பனை ஏறினால் ஒழிய.

ஒரு சிக்கல் என்னைக் கொஞ்சம் அலைக்கழித்தது. ஹட்டனில் நின்றுகொண்டு "பதுளைக்குப் போகிறேன்" என்று எப்படிச் சொல்வது? பதுளை ஹட்டனைவிடத் தாழ்வான ஊர், ஆகவே 'பெ'. ஆனால் ரயில் நேரே இறங்காது. நானுஓயா, பட்டிப்பொல என்று ஏறி, அதற்குப் பிறகுதான் ஹப்புத்தளை, பண்டாரவளை வழியாக இறங்கும். பயணத்தின் முற்பகுதி மொத்தத்தில் ஏற்றம். எதைக் கணக்கில் எடுப்பது, ஊரின் உயரத்தையா, புறப்படும் திசையையா? இரண்டுக்கும் நியாயம் உண்டு. 'லெ' வரும்போது திசை, வராதபோது உயரம் என்று வைத்தேன். ஆக, பதுளையில் இருக்கும் மாமா 'பெ'யில் இருக்கிறார், அவரிடம் போகும் நான் 'ரோலெ' போகிறேன். இப்படி ஒரு கோணல் இருந்தால்தான் மொழி நம்பும்படி இருக்கும். முழுக்க ஒழுங்கான இலக்கணம் எந்த ஊரிலும் பேசப்படுவதில்லை. மரம் 'மரத்தை' ஆகிறது, ஆறு 'ஆற்றை' ஆகிறது. ஏன் என்று யார் கேட்டுக்கொண்டிருக்கிறோம்?

தொலைபேசியிலும் ஒரு தகராறு உண்டு. மேல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்குப் பேசும்போது, நடுவில் இருக்கும் பள்ளிக்கூடம் பேசுபவருக்கு 'பெ', கேட்பவருக்கு 'ரோ'. தோமுலியில் பேசுபவர் பக்கமே செல்லும் என்று முடித்துவிட்டேன். பெரியவர்களிடம் பேசும்போது அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து சொல்வதுதான் மரியாதை என்று நீங்கள் ஒரு வழக்கம் வைத்தால் அது இதைவிட நன்றாக இருக்கும்.

வேண்டாம் என்று விட்டவை

எல்லா வேலைக்கும் உருபு வைக்கத் தேவையில்லை. ஆறாம் வேற்றுமையைத் தோமுலியில் வைக்கவே இல்லை. இரண்டு பெயரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். 'யாகோ சாரே', அம்மா வீடு. தமிழிலும் 'அம்மா வீடு' என்றுதானே சொல்கிறோம், 'அம்மாவினது வீடு' என்று பரீட்சைத் தாளில்தான் எழுதுகிறோம். விளிக்குக் குரலை நீட்டினால் போதும், 'முனாஆ'. கருவிக்கும் துணைக்கும் தனித்தனியாக 'தி', 'ஹே' என்று வைத்திருக்கிறேன். 'கோபாதி' என்றால் கூடையால், 'முனாஹே' என்றால் பிள்ளையோடு. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

சரி, இதுவரை வந்ததை வைத்து ஒரு துண்டைப் படித்துப் பாருங்கள். 'கிதா' என்றால் போவது. மலை என்பதைத் தோட்டத்தில் சொல்கிற பொருளில், கொழுந்து பறிக்கும் மலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

யாகோ சாரேபெசு தோமுரோலெ கிதா. யாகோ நெலு சுமே. தோமுரோ கேசோ ரூவிம் தலி. யாகோ சாரேபெலெ கிதா.

அம்மா கீழே உள்ள வீட்டிலிருந்து மேலே உள்ள மலைக்குப் போகிறாள். அம்மா கொழுந்து பறிக்கிறாள். மேலே மலையில் சிறுத்தை நாயைத் துரத்துகிறது. அம்மா கீழே உள்ள வீட்டுக்குப் போகிறாள்.

தமிழில் வராத ஒரு செய்தி தோமுலியில் இருக்கிறது. இதைச் சொல்பவர் எங்கே நிற்கிறார்? வீடு அவருக்குக் கீழே, மலை அவருக்கு மேலே. அப்படியானால் அவர் இரண்டுக்கும் நடுவில், ஒருவேளை ரோட்டில் நிற்கிறார். "நான் ரோட்டில் நிற்கிறேன்" என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை, 'பெ'யும் 'ரோ'வும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிட்டன. இதே நாலு வாக்கியத்தை வீட்டுக்குள் இருக்கும் பிள்ளை சொல்வதாக மாற்றி எழுதிப் பாருங்கள். முதல் வாக்கியத்தில் 'சாரேவசு' என்றும், கடைசி வாக்கியத்தில் 'லெ' இறங்கும் திசையைச் சொல்வதால் மாறாமல் 'சாரேபெலெ' என்றும் வந்தால் வேற்றுமை உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது. மலையில் நிற்கும் அம்மாவே சொல்வதாக எழுதினால் மலைக்கு எந்த உருபு என்பதைக் கொப்பியில் போட்டுப் பாருங்கள். ஹட்டன் – பதுளை விதி அங்கே உங்களை ஒரு முறை தடுக்கும்.